காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாம்! – பழுதுபார்த்த பின் வலுவிழந்த மகிழுந்தும் நம்முடைய பழக்கமும்



ஒற்றுப்பிழையையும் கட்டுரைப் பயிற்சியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் இன்று மகிழுந்துப் பட்டறைக்குள் ஏன் நுழைந்தார் என்று சிலர் வியக்கலாம். காரணம் இருக்கிறது. இறுதிவரை படித்துவிட்டுக் கோபப்படுவதாயின் கோபப்படுங்கள்.

2019ஆம் ஆண்டு திசம்பர் பள்ளி விடுமுறையில் என்னுடைய பழைய புரோட்டோன் வீரா 1.5 மகிழுந்துக்கு டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் மாற்றினேன். ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. 'கிலோமீட்டர் ஆகிவிட்டது, அறுந்து நடுவழியில் நிற்பதற்கு முன் மாற்றிவிடுவோம்' என்ற முன்னெச்சரிக்கைதான். கூலியுடன் 450 ரிங்கிட் கொடுத்தேன்.

மறுநாள் குடும்பத்துடன் ஈப்போவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னுள்ள ஏற்றத்தை அறியாதவர் பேராவில் இருக்க மாட்டார். எத்தனையோ முறை நான்காம் கியரிலேயே ஏறிய வண்டி, அன்று மூன்றாம் கியரிலும் மூச்சு வாங்கியது. மிதியைத் தரையோடு அழுத்தியும் வேகம் கூடவில்லை. பின்னால் ஒரு பார உந்து முகப்பு விளக்கை அடித்து அடித்து நெருங்கியது. பின்னிருக்கையில் என் பிள்ளைகள் இருவர். அந்த ஐந்து நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

திரும்பியதும் அதே பட்டறைக்குச் சென்று நடந்ததைக் கூறினேன். முதலாளி சிரித்தார். "பெல்ட்டு புதுசு வாத்தியாரே, அதுல ஒண்ணும் இல்ல. பழைய வண்டி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது" என்றார்.

அந்தப் பழமொழியோடு தொடங்கியது என் செலவுக் கணக்கு!

ஸ்பார்க் பிளக்கும் அதன் கம்பிகளும் மாற்றப்பட்டன, 180 ரிங்கிட். மாற்றமில்லை. எரிபொருள் பம்பு மாற்றப்பட்டது, 380 ரிங்கிட். மாற்றமில்லை. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி மாற்றப்பட்டது, 350 ரிங்கிட். அப்போதும் மாற்றமில்லை. ஆக 910 ரிங்கிட் போன பின்னர், "இயந்திரத்தையே பிரித்துப் பார்க்க வேண்டும், 2,500 ஆகும்" என்றார். ஒவ்வொரு முறையும் அவர் கூறிய சொற்கள் ஒன்றே: "மாற்றிப் பார்ப்போம்."

மாற்றிப் பார்ப்போம்! பார்த்துவிட்டு மாற்றுவோம் என்று ஒரு முறையாவது அவர் வாயிலிருந்து வரவில்லை.

மூன்று கேள்விகள்

நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி சுங்கை சிப்புட்டில் ஓர் இளைஞரின் சிறிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் முதலில் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்.

"கடைசியா இதுல யார் கை வெச்சாங்க சார்? எதுக்காக வெச்சாங்க? அதுக்கு முன்னாடி வண்டி நல்லா இருந்துச்சா?"

நான் பதில் சொல்லி முடித்ததும் டைமிங் பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றினார். கிராங்குத் தண்டைக் கையாலேயே மெல்லச் சுழற்றி, அதன் கப்பியிலுள்ள குறியைக் கீழ்மூடியின் குறியோடு பொருத்தினார். பிறகு, "மேல பாருங்க சார்" என்றார். மேலேயுள்ள கேம் கப்பியின் குறி, பொருந்தவேண்டிய இடத்தில் இல்லை. ஒரே ஒரு பல் தள்ளி நின்றது.

கால் மணி நேரத்தில் நோய் தெரிந்துவிட்டது. அதன் பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, சரியான பல்லில் அமர்த்தி, கிராங்குத் தண்டை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று உறுதிசெய்து மூடினார். 120 ரிங்கிட் வாங்கினார். அன்று மாலையே அதே ஏற்றத்தில் வண்டி பழையபடி ஏறியது.

ஒரு பல்லுக்கு இத்தனை வலிமையா?

பெற்றோர்களே, இது ஆறாம் ஆண்டுக் கணக்குதான். கிராங்குத் தண்டு பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்குகிறது. கேம் தண்டு, காற்றும் எரிபொருளும் நுழையும் வால்வுகளையும் புகை வெளியேறும் வால்வுகளையும் திறந்து மூடுகிறது. இரண்டையும் இணைத்து ஒத்தாற்போல் ஓடச் செய்வது டைமிங் பெல்ட். கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று.

கேம் கப்பியில் 40 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். 360ஐ 40ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 9 பாகை. கிராங்கு இருமடங்கு வேகத்தில் சுழல்வதால், அதன் கணக்கில் 18 பாகைப் பிழை. நுழைவு வால்வு அவ்வளவு பிந்தி மூடினால், உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. குறைந்த சுழற்சியில், அதாவது ஏற்றத்தில் நமக்கு வலு தேவைப்படும் அதே நேரத்தில், இழப்பு மிகுதியாகத் தெரியும். என் வண்டியின் இயந்திரத்தில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரும் கேம் தண்டினாலேயே சுழல்கிறது. ஆகவே தீப்பொறியும் பிந்தியது. பிளக்கும் பம்பும் உணரியும் என்ன செய்யும், பாவம்! அவை எல்லாம் தம் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தன.

இதில் இன்னொன்றும் உண்டு. சில இயந்திரங்களில் பெல்ட் மேலும் சில பற்கள் தள்ளினால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதும். அப்போது வலுக்குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை, இயந்திரமே போய்விடும்.

காக்கையின் மீது பழி போடாதீர்!

பட்டறை முதலாளியின் பழமொழிக்கு வருகிறேன். ஒன்றன் பின் ஒன்று நடந்தமையால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. இதை நான் மறுக்கவில்லை. பெல்ட் மாற்றிய மறுநாளே தற்செயலாக எரிபொருள் பம்பு கெட்டுப்போகவும் கூடும். தமிழன் அதைத்தான் காக்கையும் பனம்பழமும் என்றான்.

ஆனால் மரத்தின் மேல் ஓர் ஆள் ஏறி இறங்கிய பின் பழம் விழுந்தால், ஏறியவரை விட்டுவிட்டுக் காக்கையை விசாரிப்பது என்ன நீதி? காக்கை காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் கேட்கப்பட வேண்டியவர் ஏறியவர் அல்லரா? பழுதுபார்ப்பதற்கு முன் நன்றாக இருந்து, பின் கெட்டுப்போன வண்டியில், கை வைத்த இடத்தை முதலில் பார்ப்பதே முறை. அங்கே குற்றமில்லை என்று தெளிந்த பிறகே அடுத்த இடத்திற்குச் செல்லவேண்டும். அது செலவில்லாத சோதனையும் கூட!

எங்கே கை வைத்தால் எங்கே பார்ப்பது என்று, அந்த இளைஞரிடம் கேட்டும் பிறகு படித்தும் நான் அறிந்துகொண்டவற்றைத் தருகிறேன். தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. டைமிங் பெல்ட் மாற்றிய பின் வலு குறைந்தால், குறிகளைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்மூடியைக் கழற்ற விரும்பாதவர் வெற்றிடமானியையாவது இணைக்கட்டும். தாழ்நிலத்தில், நலமான இயந்திரம் சும்மா ஓடும்போது பொதுவாக 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு காட்டும். முள் நடுங்காமல், ஆனால் அதற்கும் கீழே நின்றால், நேரம் பிந்தியிருக்கிறதா என்று ஐயுற வேண்டும்.

2. காற்று வடிகட்டி மாற்றிய பின் அல்லது இயந்திரத்தின் மேற்பகுதியில் வேலை செய்த பின் என்றால், பெட்டியின் கொக்கிகள் சரியாகப் பூட்டப்பட்டனவா, கழற்றிய சிறு ரப்பர்க் குழாய் ஏதேனும் மாட்டப்படாமல் தொங்குகிறதா, உணரியின் செருகி அழுந்த மாட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். 'உஸ்' என்ற ஒலியும் நிலையற்ற ஓட்டமும் காற்றுக் கசிவுக்கு அடையாளங்கள்.

3. பிளக் கம்பிகளைக் கழற்றி மாட்டிய பின் வண்டி உதறினால், இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கக்கூடும். வரிசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

4. பிரேக் வேலை செய்த பின் வண்டி 'இழுக்கவில்லை' என்றால், குற்றம் இயந்திரத்தில் இல்லாமலே இருக்கலாம். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் ஓட்டுபவருக்கு அது வலுக்குறைவாகவே தெரியும். சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு சென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்! ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

5. கிளட்ச் வேலைக்குப் பின் இயந்திரத்தின் சுழற்சி ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. இயந்திரத்தைத் திறப்பது வீண்.

6. எரிபொருள் வடிகட்டி அல்லது பம்பு மாற்றிய பின் என்றால், குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, அழுத்தத்தை மானியால் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் இன்னொரு பம்பு வாங்காதீர்கள்.

இன்றைய புதிய வண்டிகளுக்குக் கணினி இருக்கிறதே, அது சொல்லிவிடாதா என்பர். கணினி அறிகுறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 'பி0171' என்ற குறியீடு தோன்றினால், கலவையில் எரிபொருள் போதவில்லை என்பதே அதன் பொருள். காற்றுக் கசிவாலும் அது வரும், பம்பின் தளர்ச்சியாலும் வரும், காற்றை அளக்கும் உணரி அழுக்கடைந்தாலும் வரும். ஆனால் பல இடங்களில் உடனே ஆக்சிஜன் உணரியை மாற்றிவிடுகிறார்கள். அந்த உணரி செய்தி சொன்ன தூதுவன். தூதுவனின் தலையை வெட்டினால் எல்லையில் வந்து நிற்கும் பகை திரும்பிப் போய்விடுமா?

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"பழைய வண்டி, அந்தப் பொருள்கள் என்றாவது மாற்றவேண்டியவைதாமே" என்பர் பட்டறைக்காரர்கள். என்றாவது எல்லாமே மாற்றவேண்டியவைதாம். நான் கேட்டது இன்றைய குறைக்கு மருந்து.

"ஆராய்வதற்கு நேரம் ஆகும்; அதற்கு யாரும் பணம் தருவதில்லை" என்பர். இதில் உண்மை இருக்கிறது. இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் நாம். 350 ரிங்கிட் பொருளை மாற்றினால் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். "ஒரு மணி நேரம் சோதித்தேன், 60 ரிங்கிட் கொடுங்கள்" என்றால், "ஒன்றுமே மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்று சண்டைக்கு நிற்கிறோம். அறிவுக்குக் கூலி கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர், அறியாமைக்குப் பன்மடங்கு கொடுத்துத்தான் தீரவேண்டும். நான் கொடுத்தேன்.

"தவறு மனிதருக்கு இயல்பு" என்பர். முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன். பெல்ட்டை இறுக்கும்போது ஒரு பல் தள்ளுவது அனுபவசாலிக்கும் நேரக்கூடியது. அதனால்தான் இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் பார்க்கும் வழக்கமே இருக்கிறது. அந்த ஒரு பல்லுக்காக நான் இதை எழுதவில்லை. திரும்பி வந்து முறையிட்ட பின்னும், தாம் செய்த வேலையைத் திறந்து பார்க்க மறுத்தாரே, அதற்காகவே எழுதுகிறேன். ஐயம் தம்மீது திரும்பக் கூடாது என்பதற்காக வண்டியின் மற்ற உறுப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் குற்றவாளியாக்கினாரே, அதுதான் குற்றம்.

நமக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குவோர் தக்க கவனத்துடனும் திறனுடனும் வேலை செய்யவேண்டும் என்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் பதியவேண்டும். ஆனால் பற்றுச்சீட்டு வேண்டும். என்ன வேலை, எந்தப் பொருள், எந்த நாள் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள். முகத்தாட்சணியத்துக்காக வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நான் அப்படித்தான் திரும்பினேன். 910 ரிங்கிட்டும் திரும்பவில்லை.

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம்

அந்த விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில மாதங்களுக்கு முன்பு நடந்த ஒன்று, அந்தப் பட்டறை வாசலில் நின்றபோது என் நினைவுக்கு வந்தது. திருத்திச் சொல்கிறேன்: வந்து என்னைக் குத்தியது.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். ஆண்டுத் தொடக்கத்தில் நன்றாகப் படித்தவன், நடு ஆண்டில் சரிந்தான். கணக்கில் இலக்கங்களை மாற்றி எழுதினான். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பாடங்களில் பாதி விட்டான். நான் அவனுக்குக் கூடுதல் பயிற்சித்தாள்கள் கொடுத்தேன். பெற்றோர் இரண்டு பிரத்தியேக வகுப்புகளில் சேர்த்தனர். பயிற்சி நூல்கள் வாங்கிக் குவித்தனர். "கவனமில்லை" என்று நான் எழுத, "விளையாட்டுப் புத்தி" என்று அவர்கள் சொல்ல, பிள்ளை மாலை நேரத்தையும் சிரிப்பையும் இழந்தான். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம்.

ஆனால் அவன் சரிவதற்கு முன் கடைசியாகக் கை வைத்தவர் யார்? நான்தான்! பேச்சு மிகுதி என்று முன்வரிசையிலிருந்து அவனைப் பின்வரிசைக்கு மாற்றியிருந்தேன். அவனுக்குக் கிட்டப்பார்வை என்பது பல மாதங்கள் கழித்துக் கண் சோதனையில்தான் தெரிந்தது. முன்வரிசையில் இருந்தவரை அந்தக் குறை மறைந்திருந்தது. நான் நகர்த்தியது ஒரே ஒரு பல். அதை நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லுங்கள், எனக்கும் அந்தப் பட்டறை முதலாளிக்கும் என்ன வேறுபாடு? அவர் என் பணத்தை வீணாக்கினார். நான் ஒரு பிள்ளையின் அரையாண்டை வீணாக்கினேன். அவருடைய கடனாவது எண்ணில் அடங்குகிறது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் மதிப்பெண் குறைந்தவுடன் டியூசன், பயிற்சி நூல், மேலும் ஒரு டியூசன் என்று அடுக்கும் நம் பழக்கம் நீங்கவில்லை. பிள்ளை சரிந்தால் முதற்கேள்வி, "இன்னும் என்ன சேர்க்கலாம்?" என்பதாக இருக்கக் கூடாது. "இவன் நன்றாக இருந்தது எதுவரை? அதன் பின் என்ன மாறியது? மாற்றியவர் யார்?" இவைதாம் முதலில் கேட்கவேண்டியவை. ஆசிரியர் மாறினாரா, அமரும் இடம் மாறியதா, வீடு மாறியதா, உறங்கும் நேரம் மாறியதா? இவற்றைக் கேட்கக் காசு வேண்டாம். விடை நம்மையே சுட்டினாலும் ஏற்கும் மனம்தான் வேண்டும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துத் தந்த வரிசையும் இதுதானே? நோய் எது என்று ஆராய்வது முதற்படி. எதனால் வந்தது என்பது இரண்டாம் படி. தணிக்கும் வழி மூன்றாம் படி. செய்வது அதன் பிறகுதான். நாமோ நான்காம் படியிலிருந்து தொடங்குகிறோம். அக்குறளை மனனம் செய்யாத மாணவனுக்கு மட்டும் மதிப்பெண் குறைக்கிறோம்!

இறுதியாக ஒன்று. சுங்கை சிப்புட் இளைஞர் எஸ்.பி.எம். தேர்வில் பெரிதாக எதையும் சாதிக்காதவர். பின்னர் தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவர். "படிப்பு வராதவன், பட்டறைக்குப் போகட்டும்" என்று நம் பள்ளி விருந்துகளில் கூச்சமின்றிப் பேசுகிறோமே, அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அன்று அந்த வண்டியின் முன் சிந்தித்தவர் அவர் ஒருவர்தான். பட்டறை முதலாளி சிந்திக்கவில்லை. பட்டம் பெற்ற நானும் சிந்திக்கவில்லை. பட்டறைக்குப் போவதற்குப் படிப்பு வேண்டாம் என்று எண்ணும் சமூகத்திற்கு, சிந்திக்காத பட்டறைகளே கிடைக்கும்.

ஆகவே, பழுதுபார்ப்போரே, மாற்றுவதற்கு முன் பாருங்கள். பெற்றோர்களே, பார்ப்பதற்கும் கூலி கொடுங்கள். ஆசிரியத் தோழர்களே, நாம் கடைசியாகக் கை வைத்த இடத்தை நாமே முதலில் திறந்து பார்ப்போம்.

காக்கையை விட்டுவிடுவோம். அது பாவம், சற்று இளைப்பாறத்தான் உட்கார்ந்தது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்